மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வழிகாட்டல் முரண்பாடு (ஐக்கிய அமெரிக்கா)

அறிகுறி எதுவும் இல்லாத பெண்களுக்கு எந்த வயது முதல், எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப்படம் எடுக்க வேண்டும் என்பதில் ஐக்கிய அமெரிக்க மருத்துவ அமைப்புகள் ஒத்த கருத்துக் கொண்டிருக்கவில்லை. ஒன்றின் வழிகாட்டலைப் பின்பற்றும் மருத்துவர் மற்றொன்றை மீறியவராக நீதிமன்றத்தில் காட்டப்படலாம் என்பதால், இது மருத்துவச் சிக்கலாக மட்டுமன்றிச் சட்டச் சிக்கலாகவும் விளங்குகிறது.

வழிகாட்டல்கள்

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் செயற்குழு 2002 இல் 40 வயது முதல் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை படமெடுக்கப் பரிந்துரைத்தது. 2009 நவம்பரில் இந்நிலையை மாற்றி, 50 முதல் 74 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை போதும் என்றும், நாற்பதுகளில் உள்ளோருக்கு இதனை வழமையாகச் செய்ய வேண்டியதில்லை என்றும் அறிவித்தது. ஓர் இறப்பைத் தவிர்க்க நாற்பதுகளில் 1,904 பெண்களையும், ஐம்பதுகளில் 1,339 பெண்களையும், அறுபதுகளில் 377 பெண்களையும் பரிசோதனைக்கு அழைக்க வேண்டும் என்பது அதன் சான்று மீளாய்வின் மதிப்பீடு ஆகும். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டும் முடிவுகளும் அவற்றால் நேரும் தேவையற்ற திசுச் சோதனைகளும் இளவயதினரிடையே கூடுதல்.

இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. காப்பீட்டைப் பொறுத்தவரை 2009 பரிந்துரையைக் கணக்கில் கொள்ளலாகாது என 2010 நலவாழ்வுச் சட்டத்திலேயே எழுதப்பட்டது. அறிவியல் மதிப்பீடொன்றைச் சட்டமன்றம் இவ்வாறு ஒதுக்கிவைப்பது அரிது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2015 இல் தொடக்க வயதை 40 இலிருந்து 45 ஆக உயர்த்தியது. கதிரியல் வல்லுநர்களின் அமைப்போ 40 வயது முதல் ஆண்டுதோறும் என்பதைக் கைவிடவில்லை. செயற்குழு 2024 இல் மீண்டும் 40 வயதுக்குத் திரும்பியபோதும் ஈராண்டு இடைவெளியையே வலியுறுத்தியது.

சட்டப் பொறுப்பு

மார்பகப் புற்றுநோயைக் காலந்தாழ்த்திக் கண்டறிதல் அந்நாட்டில் மருத்துவக் கவனயீன வழக்குகளின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். உரிய கவனம் எது என்பதை நடுவர் குழு பெரும்பாலும் வல்லுநர் சாட்சியங்களைக் கொண்டே முடிவு செய்கிறது. வழிகாட்டல் ஒரு சான்றாகலாம். ஆனால் அது முடிந்த முடிபன்று. முரண்பட்ட வழிகாட்டல்கள் இருக்கையில் இரு தரப்பும் தமக்கேற்றதை எடுத்துக்காட்ட இயலும். தேவையற்ற சோதனையால் துன்புற்றவர் வழக்குத் தொடுப்பது அரிது. நோய் தவறவிடப்பட்டவரோ தொடுக்கிறார். எனவே, ஐயம் எழுந்தால் படமெடுக்கச் சொல்லிவிடுவதே மருத்துவருக்குப் பாதுகாப்பான வழியாகிறது.

நோயாளியிடம் நன்மை தீமைகளை எடுத்துரைத்து அதனைப் பதிவு செய்வது தற்காப்பாகக் கருதப்படுகிறது. அதுவும் முழுக் காப்பன்று என்பதற்கு ஆண்களுக்கான முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்ச் சோதனை தொடர்பான வழக்கொன்று சான்றாகும். மருத்துவர் டேனியல் மெரன்ஸ்டீன், பயிற்சிக் காலத்தில், வழிகாட்டல்களின்படி நோயாளி ஒருவரிடம் கலந்து பேசிக் குறிப்பெழுதினார்; இரத்தச் சோதனை செய்யப்படவில்லை. பின்னர் அந்நோயாளிக்கு முற்றிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2003 இல் மெரன்ஸ்டீன் விடுவிக்கப்பட்டார். அவரைப் பயிற்றுவித்த திட்டமோ பத்து இலட்சம் டாலர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாக்கப்பட்டது.