வெப்பமும் குறுஞ்சிறகும்

பிறவியில் அமைந்த குறை என்றும் மாறாதது என்னும் எண்ணம் உலகெங்கும் வேரூன்றியது. அவ்வெண்ணத்தை ஆராய்ந்து பார்க்கத் தூண்டியது, கனிந்த பழத்தை மொய்க்கும் ஒரு சிற்றீயாகும்.

நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹண்ட் மார்கன் என்பார் பால் புட்டிகளில் பழ ஈக்களை வளர்த்துப் பாரம்பரியத்தை ஆராய்ந்தார். 1910 ஆம் ஆண்டில் செங்கண் ஈக்களிடையே வெண்கண் ஈ ஒன்று தோன்றியது. அதனை அடுத்து, இறக்கைகள் வெறும் முளைகளாய்க் குறுகிய வகையும் கிடைத்தது. இவ்வகையின் வழித்தோன்றல்கள் யாவும் பறக்கவியலாத குறுஞ்சிறகே பெற்றன. பிறப்பே விதி என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ எனத் தோன்றிய காலம் அது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலமோ, தகுதியற்ற பிறவியினர் எனத் தான் கருதியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை 1907 ஆம் ஆண்டிலேயே இயற்றியிருந்தது.

ஆனால் ஈக்கள் வேறு கதை கூறின. வழக்கமான 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் முளையாகவே நின்ற இறக்கைகள், ஏறத்தாழ 31 டிகிரியில் வளர்த்தபோது நீண்டு வளர்ந்தன. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஹார்ன்லி 1930 ஆம் ஆண்டையொட்டி இதனை நுணுகி அளந்தார். அவ்வெப்பத்தில் ஆண் ஈக்களின் இறக்கை பெண் ஈக்களினதைவிட மிகுதியாக நீண்டமை புலனாயிற்று. புழுப் பருவத்தின் ஒரு குறித்த காலத்திலேதான் வெப்பம் பயன் தரும். முதிர்ந்த ஈயைச் சூடேற்றிப் பயனில்லை. சுருள் சிறகு என்னும் மற்றொரு வகையில் நிலைமை நேர்மாறு: 25 டிகிரியில் சுருளும் இறக்கை, 19 டிகிரியில் பல ஈக்களில் நேராகவே அமையும்.

எனினும் நீண்ட சிறகு பெற்ற ஈயின் குஞ்சுகளை மீண்டும் 25 டிகிரியில் வளர்த்தால் குறுஞ்சிறகே தோன்றும். மரபு மாறவில்லை, மரபின் வெளிப்பாடே மாறியது. பெற்றோர் வழங்குவது முடிந்த உருவத்தையன்று. சூழ்நிலைக்கேற்ப வளரும் இயல்பையே எனலாம்.

1935 ஆம் ஆண்டில் கோல்ட்ஷ்மிட் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதன் மறுபுறத்தைக் காட்டினார். குறையேதுமற்ற புழுக்களுக்குச் சிறிது நேரம் கடுவெப்பம் ஊட்ட, அவை பிறவிக் குறையுடையன போன்றே உருவாயின. ஆகவே, உருவத்தை மட்டும் நோக்கிப் பிறவியைத் தீர்மானித்தல் இயலாது.

மார்கனும் 1925 ஆம் ஆண்டிலேயே, மனிதரின் தாழ்நிலைக்குப் பரம்பரையைக் காரணங்காட்டுமுன் அவர்தம் வாழ்க்கைச் சூழலை ஆராய வேண்டும் என எச்சரித்திருந்தார். எனினும் 1927 ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அதன்பின் பல்லாயிரவர் அதற்கு ஆளாயினர். புட்டிக்குள் ஈ கூறிய உண்மை நீதிமன்றத்தை எட்டவில்லை. அறிவு வளர்ந்தால் மட்டும் போதாது. அது தீர்ப்பு வழங்குவோரின் செவியையும் சென்றடைதல் வேண்டும்.