வானொலி பேசும், கேட்குமா? சிகாகோ 1937 முதல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 1951 வரை

2020-ல் பள்ளிகளை மூடினப்போ, வீட்டில் இருந்தபடியே பாடம் படிப்பதை ஏதோ புதுசா வந்த விஷயம் மாதிரிதான் எல்லோரும் பேசினோம். ஆனால் அதற்கு 83 வருஷம் முன்னாடியே ஒரு பெருநகரம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. இன்றைக்கு அந்தக் கதையையும், அதற்குப் பிறகு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் நடந்த இன்னொரு கதையையும் சொல்லப்போகிறேன்.

1937, அமெரிக்காவின் சிகாகோ. கோடை விடுமுறை முடிகிற நேரத்தில் ஊரில் இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, பரவுகிறது. சால்க்கின் தடுப்பூசி வந்தது 1955-ல்தான். அதனால் அன்றைக்குக் கையில் இருந்த வழி, பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட விடாமல் பார்த்துக்கொள்வது. பள்ளி திறப்பைத் தள்ளி வைத்தார்கள்.

சரி, பாடம் என்னாவது? நகரப் பள்ளிகளின் தலைமை அதிகாரி வில்லியம் ஜான்சன் வானொலியைக் கையில் எடுத்தார். ஆறு வானொலி நிலையங்கள் நேரம் ஒதுக்கிக் கொடுத்தன. செப்டம்பர் 13-ம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு. ஒரு பாடம் 15 நிமிஷம். திங்கள், புதன், வெள்ளியில் சமூகவியலும் அறிவியலும். செவ்வாய், வியாழன், சனியில் ஆங்கிலமும் கணக்கும். எந்த வகுப்புக்கு எந்த நிலையத்தில் எத்தனை மணிக்குப் பாடம், எந்தக் கேள்விகளுக்கு விடை எழுதணும் என்பதெல்லாம் செய்தித்தாளில் அச்சாகி வந்தது.

ஏற்பாடு நேர்த்தியாகத்தான் இருந்தது. ஆனால் இதைப் படிக்கும்போது என் கண்ணில் பட்டது வேறொரு தகவல். பெற்றோர் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பதற்காக 16 ஆசிரியர்களைத் தொலைபேசியில் உட்கார வைத்திருந்தார்கள். முதல் நாளே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள்! இன்னும் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டி வந்தது.

ஏன்னா, வானொலி பேசும், ஆனால் நாம் சொல்வதைக் கேட்காது. ஒரு கணக்கு புரியலைன்னா, "டீச்சர், இன்னொரு தடவை சொல்லுங்க"ன்னு கை தூக்க முடியாது. பாடம் ரொம்ப வேகமாகப் போகுது என்று குறை சொன்னார்கள். சில வீடுகளில் ரேடியோவே இல்லை, சில இடங்களில் சரியாக எடுக்கவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளை எப்படியாவது சமாளிக்கும், தடுமாறுகிற பிள்ளை என்ன செய்யும்? இந்தக் கவலை அப்போதே இருந்தது. மூன்று வாரம் ஆவதற்குள் பள்ளிகள் படிப்படியாகத் திறந்தன. வானொலி வகுப்பும் அத்தோடு நின்றது.

சிகாகோவுக்கு அது சில நாள் சிக்கல். ஆனால் பள்ளிக்கூடம் எப்போதுமே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தால்? ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், மாட்டுப் பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளின் நிலைமை அதுதான். அவர்களுக்குப் பாடம் தபாலில் வரும். எழுதி அனுப்பினால் திருத்தி வர வாரக்கணக்கில் ஆகும்.

அங்கே 1920-களின் கடைசியில் அல்ஃப்ரெட் டிரேகர் என்பவர் ஒரு ரேடியோ செய்தார். சைக்கிள் மாதிரி பெடலை மிதித்தால் அதற்கு மின்சாரம் கிடைக்கும். மின்வசதி இல்லாத பண்ணையிலிருந்து டாக்டரைக் கூப்பிடுவதற்காக, பறக்கும் மருத்துவர் சேவைக்குச் செய்தது. இதில் முக்கியமான விஷயம், இந்த ரேடியோவில் கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம்.

பள்ளி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற அடிலெய்ட் மீத்கி அந்த மருத்துவச் சேவையிலும் பொறுப்பில் இருந்தார். அந்தப் பக்கம் போனபோது, பண்ணைப் பிள்ளைகள் வெளியாட்களிடம் பேசக் கூச்சப்படுவதைக் கவனித்தார். டாக்டரைக் கூப்பிடுகிற அதே ரேடியோவில் பிள்ளைகள் ஏன் ஒருத்தரோடு ஒருத்தர் பேசக்கூடாது? அந்த யோசனையிலிருந்து வந்ததுதான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1951 ஜூன் 8-ம் தேதி தொடங்கிய வானொலிப் பள்ளி.

அங்கேயும் முதலில் ஆசிரியர் மட்டும்தான் பேசினார். ஆனால் சீக்கிரமே பாடத்தின் முடிவில் கேள்வி நேரம் சேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. அதனால் ஒரு பண்ணையில் இருக்கிற பிள்ளை கேட்கிற கேள்வி, முகமே பார்த்திராத மற்றப் பிள்ளைகளுக்கும் கேட்கும். பக்கத்து பெஞ்சில் ஒருத்தர் உட்கார்ந்த மாதிரி. தபால் பாடம் நிற்கவில்லை, அம்மாவோ வீட்டு ஆசிரியரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதும் நிற்கவில்லை. அவற்றோடு பிள்ளையின் குரலும் சேர்ந்தது. 2000-களில் ரேடியோ போய் செயற்கைக்கோள் இணையம் வந்தும் அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

நம்ம ஊரிலும் இதே பாதைதான். 2020-ல் கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. டிவியும் வானொலி மாதிரிதான், பேசும், கேட்காது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, தன்னார்வலர்கள் வீட்டுப் பக்கத்திலேயே மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். புரியலைன்னு சொன்னா கேட்க எதிரில் ஒரு ஆள் இருந்தார்.

அடுத்த தடவை வெள்ளமோ நோயோ வந்து பள்ளி மூடினால், எந்தச் செயலி, எந்த சேனல் என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேட்கணும்னு எனக்குத் தோணுது: புரியலைன்னு சொல்ல பிள்ளைக்கு வழி வைத்திருக்கிறோமா?

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் அந்த ரெண்டு வருஷம் எப்படிப் படித்தார்கள் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த பகுதியில் சந்திப்போம்.