விலாசமும் முகமும்: யாழ்ப்பாணச் சிறுவணிகரும் உருவப்படமும்

முகநூலிலோ வட்ஸ்அப்பிலோ வணிகம் நடத்த முற்படும் ஒருவரிடம் அக்கருவி முதலிற் கேட்பவற்றுள் ஒன்று ஒரு படம். பெருவிரல் நகத்தளவான அவ்வட்டத்துள் எதனை இடுவது என்பது அற்பமான வினாவாகவே தோன்றும். வீட்டிலே மிளகாய்த்தூள் இடித்து விற்பவர், பருத்தித்துறை வடை சுட்டுப் பொதி செய்பவர், சேலைக்குச் சட்டை தைப்பவர் ஆகியோர் அதில் தம் முகத்தை இடலாம். பொருளின் படத்தை இடலாம். பிள்ளையாரையோ வேளாங்கண்ணி மாதாவையோ ஒரு செவ்வரத்தம்பூவையோ இட்டு அமையலாம். எதனைத் தெரிவது அழகு என்று ஆராய்வோரே பலர். ஆனால் யாழ்ப்பாணத்தின் வணிக வழக்கங்களை வரலாற்று நோக்கிற் காண்பார்க்கு, இத்தெரிவு அழகு பற்றியதன்று, பிணை பற்றியது என்பது புலனாகும். கண்ணாற் காணாத ஒருவரை நம்பிப் பணம் அனுப்பும் வாடிக்கையாளருக்கு விற்பவர் எதனைப் பிணையாக வைக்கிறார் என்பதே இங்கு எழும் வினா. அப்பிணை நெடுங்காலம் முகமாக இருக்கவில்லை.

தமிழ் வணிகர் தம்மை அடையாளங் காட்டிய பழைய முறை விலாசம். நாட்டுக்கோட்டைச் செட்டிமாரிடையே விலாசம் என்பது தொழில் நிறுவனத்தின் பெயரையே குறிக்கும். பாட்டன், தந்தை, மகன் எனத் தொடரும் பெயர்களின் முதலெழுத்துக்களை நிரல்படுத்தி அதனை அமைத்தனர். இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் அவர்களுடைய உண்டியல்கள் செல்லுபடியானது அவ்வெழுத்துக்களின் மதிப்பினாலேயாம். உண்டியலைக் கையில் வாங்குபவன் எழுதியவனின் முகத்தை ஒருநாளும் கண்டிருக்க வேண்டியதில்லை. அவ்வெழுத்துக்களுக்குப் பின்னால் நின்ற குடும்பம் மூன்று தலைமுறையாகக் கடன் தீர்த்து வந்ததா என்பதே அவன் அறிய வேண்டியது. இலங்கைத் தமிழில் விலாசம் என்ற சொல் முகவரியைக் குறிக்கும் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஒருவரின் பெயரும் அவரை எங்கே கண்டுபிடிக்கலாம் என்பதும் ஒரே சொல்லுள் அடங்கிவிட்டன. தமிழ்நாட்டார் வழங்கும் முகவரி என்ற சொல்லிலே முகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் பேச்சில் வழங்கும் சொல்லில் அஃது இல்லை. சொற்களைக் கொண்டு வரலாற்றை முடிவு செய்தல் ஆபத்தானது எனினும், இவ்வேறுபாடு சுவையானதே.

யாழ்ப்பாணத்தில் முதலெழுத்தோடு ஊர்ப்பெயரும் சேர்ந்து இயங்கியது. புலவரும் புத்தகம் வெளியிட்டோரும் ஊரைப் பெயரின் முன்னே வைத்தனர், சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854–1922) என்பது போல. வணிகரும் அவ்வாறே. புகையிலையும் சுருட்டும் இன்ன ஊரின் சரக்கு என்று சொல்லியே மதிக்கப்பட்டன. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்குச் சென்ற யாழ்ப்பாணப் புகையிலையும், பின்னர்த் தென்னிலங்கைச் சிற்றூர்கள் வரை பரவிய சுருட்டுக்கடைகளும் குடும்பத் தொடர்பாலும் ஊர்த் தொடர்பாலும் நடத்தப்பட்டவை. தென்னிலங்கைக் கடையில் நின்ற பையன் பெரும்பாலும் முதலாளியின் ஊரவன் அல்லது உறவினன். அவனுக்குக் கடன் கொடுத்தவர் அவனுடைய தகப்பனை அறிவார்.

இந்நம்பிக்கையை வானளாவப் புகழ்வோர் அதன் மறுபக்கத்தைக் காண்பதில்லை. "நீர் ஆற்றை பிள்ளை?" என்ற யாழ்ப்பாணத்து வினா, ஒருவரின் நாணயத்தை மட்டும் விசாரிப்பதன்று, சாதியையும் விசாரிப்பது. ஊரும் தந்தை பெயரும் தெரிந்தால் எல்லாம் தெரிந்துவிடும். விலாசம் சிலருக்கு மூலதனமாகவும் சிலருக்குத் தடையாகவும் அமைந்தது. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோருக்கு அனுமதி மறுக்கப்பட்டதும், வேறு குவளை வைக்கப்பட்டதும், அதற்கெதிராக இயக்கங்கள் எழுந்ததும், சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் 21ஆம் இலக்கச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டதும் யாவரும் அறிந்த செய்திகள். கடைக்காரர் வந்தவரின் முகத்தைப் பார்த்தே இன்னார் என அறிந்துகொண்ட சிறு சமுதாயத்திலேதான் அவ்வேறுபாடு நிலைக்க முடிந்தது. ஆகவே, ஊரும் குடும்பமும் அறியாத புதிய வாடிக்கையாளரிடம் முகத்தை மட்டும் காட்டி விற்கும் வாய்ப்பு ஒருசாராருக்கு இழப்பு, மற்றொருசாராருக்கு விடுதலை. முன்னோர் விலாசம் உதவாத ஒருவருக்கு, தானே எடுத்துத் தானே இட்ட ஒரு படம் புதிய விலாசமாகலாம்.

நிழற்படக்கலை 1839இல் பாரிசில் வெளிப்படுத்தப்பட்டது. சட்டைப்பையில் அடங்கும் சிற்றட்டைப் படத்துக்கு டிஸ்டெரி என்பார் 1854இல் காப்புரிமை பெற்றபின், உருவப்படம் நடுத்தர வகுப்பினருக்கும் எட்டியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கொழும்பிலும் கண்டியிலும் ஸ்கீன், ஸ்கோவன் முதலிய ஐரோப்பியர் படப்பிடிப்பு நிலையங்களை நடத்தினர். யாழ்ப்பாணத்தில் இக்கலை பரவிய பின்னர் எதற்குப் பயன்பட்டது என்பதே இங்கு முக்கியம். மலாயாவில் உத்தியோகம் பார்த்தவரின் படம் ஊருக்கு வந்தது. பெண்ணின் படம் சாதகக் குறிப்போடு மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்றது. இறந்தவரின் படம் கல்வெட்டின் முகப்பிலே ஏறியது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை ஒட்டி வழங்கப்படும் அச்சிட்ட நினைவு நூலையே யாழ்ப்பாணத்தார் கல்வெட்டு என்பர். சாசனவியலாரைச் சற்றே திகைக்க வைக்கும் வழக்கு அது. கடைகளிலும் சாமிப்படங்களின் அருகே கடையை நிறுவியவரின் படம் தொங்கும். அதற்கு மாலை இருக்கும். சிறு மின்குமிழும் எரியும். உயிரோடுள்ள முதலாளி தன் படத்துக்குக் கீழே அமர்ந்து வியாபாரம் செய்வது அபசகுனம் போலத் தோன்றியதில் வியப்பில்லை. படம் பிடித்தால் ஆயுள் குறையும் என அஞ்சிய முதியோரும் இருந்தனர்.

இதற்கு நேர்மாறான வழக்கம் அமெரிக்காவில் முன்னரே வேரூன்றியிருந்தது. இருமல் மிட்டாய் விற்ற ஸ்மித் சகோதரர் 1870களில் தம் தாடி முகங்களையே பொதியில் அச்சிட்டனர். லிடியா பிங்கம் என்ற அம்மையார் பெண்களின் நோய்க்கு வீட்டிலே காய்ச்சிய மூலிகை மருந்தை விற்றவர். அவருடைய முகம் 1879இல் விளம்பரத்தில் வரத் தொடங்கியதும் விற்பனை பெருகியது. 1883இல் அவர் இறந்தார். முகம் இறக்கவில்லை. திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள் என்ற விளம்பரம் தொடர்ந்தது. பெண்களும் தம் அந்தரங்கத் துன்பங்களை அந்த முகத்துக்கு எழுதினர். 1905இல் ஒரு மாதர் சஞ்சிகை அவருடைய கல்லறையைப் படம் பிடித்து வெளியிட்டபோதே பலர் உண்மை அறிந்தனர். முகம் பிணையாகும்போது அதனைப் பிறர் கையாளவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தமிழ்நாட்டிலோ 1978இல் சென்னையில் வசந்த் அன் கோவைத் தொடங்கிய எச். வசந்தகுமார் (இறப்பு 2020) தம் புன்சிரிப்பையே விளம்பரமாக்கினார். அத்தகைய முதலாளியை யாழ்ப்பாணம் தோற்றுவிக்கவில்லை.

தோற்றுவியாமைக்கு அடக்கம் மட்டும் காரணமென்பது போதாது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. கல்யாணத்துக்கும் சாவுக்கும் உரியதாயிருந்த உருவப்படம் அவற்றோடு அரசுக்கும் உரியதாயிற்று. போர்க்காலத்தில் அந்த அட்டைப்படம் சோதனைச் சாவடிதோறும் முகத்தோடு ஒப்பிடப்பட்டது. முகத்தை மூடிய தலையாட்டிகளின் முன்னே ஊர்மக்கள் வரிசையாக நிறுத்தப்பட்ட அனுபவம் குடாநாட்டின் ஒரு தலைமுறைக்கு உண்டு. ஒரு தலை அசைந்தால் ஓர் உயிர் போகலாம் என்ற நிலையில், முகம் அறியப்படுதல் புகழாகாது. தென்னிலங்கையில் வணிகம் செய்தவர்களுக்குப் பெயரே ஆபத்தாயிற்று. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே தமிழர் கடைகள் சூறையாடப்பட்டன; எரிக்கப்பட்டன. பெயர்ப்பலகை விலாசத்தைக் காட்டியது போலவே இனத்தையும் காட்டியது. இவற்றை அறிந்தவர், படத்தை இடத் தயங்கும் ஒருவரை நாகரிகம் அறியாதவர் என்று இகழார்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய முழுமையாக இடம்பெயர்ந்தனர். அதற்கு முன்னும் பின்னும் பல்லாயிரவர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். ஒருவரையொருவர் முகமறிந்த அயல் என்ற அமைப்பு இவ்வாறு குலைந்தது. இன்று ஒடியல்மாவும் பினாட்டும் மோர்மிளகாயும் வாங்குபவர் தொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கலாம். விற்பவரின் தகப்பனை அவர் அறியமாட்டார். சந்தை விரிந்தது, பிணை இல்லாதொழிந்தது. அந்த இடைவெளியிலேதான் முகப்புப் படம் வந்து நிற்கிறது.

இவ்வாறு விற்பவருள் பெண்கள், சிறப்பாகப் போருக்குப் பின் குடும்பத்தைத் தனித்துத் தாங்குவோர், கவனத்துக்குரியவர்கள். முகத்தை இட்டால் வாங்குபவர் நம்புவர். அதே முகத்தைக் கண்டு வேண்டாத செய்திகளும் வரும், படத்தை எடுத்துப் போலிக் கணக்குத் தொடங்குவோரும் உளர், உறவினர் வாயும் சும்மா இராது. முகத்தை மறைத்தால் இத்தொல்லை குறையும். ஆனால் முன்பணம் அனுப்ப எவரும் தயங்குவர். ஆண் வணிகருக்கு இக்கணக்கு இவ்வளவு கடுமையானதன்று. ஆகவே முகம் காட்டினால்தான் வியாபாரம் வளரும் என்று பொதுப்பட உபதேசிப்பது ஆண்களின் அனுபவத்தை எல்லோருக்கும் விதியாக்குவதாகும். பெண்கள் பலர் இடைவழி காண்கின்றனர். உரலும் உலக்கையும், மா அரிக்கும் கைகள், வெயிலிற் காயும் மிளகாய் ஆகிய படங்கள், செய்பவரைக் காட்டாது செய்தொழிலைக் காட்டுவன. நல்லூர்க் கோபுரத்தையோ பனைமரத்தையோ இடுவோர் ஊர்ப்பெயரைப் படமாக எழுதுகிறார்கள் எனலாம். இது பழைய விலாசத்தின் பாதி. சாதியைச் சொல்லாத பாதி என்பதனால் அதற்கொரு நன்மையும் உண்டு. 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புகளை அடுத்து அரசு சமூக ஊடகங்களைச் சில நாட்கள் முடக்கியபோது, இவ்வட்டமே கடையாகக் கொண்டோருக்குப் படலை சாத்தப்பட்டது போலாயிற்று.

வட்டத்திலே பூவை வைத்தாலும் முகத்தை வைத்தாலும் பணம் அனுப்பும் வேளையில் வங்கிக் கணக்கின் பெயரைக் கொடுத்தே ஆகவேண்டும். அங்கே முதலெழுத்து உண்டு. அதனைக் கண்டதும் கடல் கடந்திருக்கும் வாடிக்கையாளர், பொருளின் விலையைக் கேட்டு முடித்த கையோடு, எந்த ஊர், ஆற்றை பிள்ளை என்று கேட்கிறார்.