உத்தரமேரூர் ஏரி வாரியம்

காஞ்சிமாநகர்க்குத் தெற்கே உத்தரமேரூரில் வயிரமேகத் தடாகமென்னும் பேரேரி பல்லவர் காலத்தே எழுந்தது. அதனைப் புரந்தோர் ஊர்ச்சபையார். முதற் பராந்தகசோழன் காலத்துக் கி.பி. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, 30 குடும்புகளினின்றும் குடவோலையால் தேர்ந்தாருள் அறுவர் ஏரி வாரியராய் 360 நாள் பணிபுரிந்தனர். முன்பு வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதான் பெயர் குடத்திற் புகாது. அவன் சுற்றத்தார் பெயரும் புகாது! இவ்வொரு விதியே யான் பன்முறை எண்ணி வியந்தது.

ஆயினும், நேயர்காள், மறுபுறத்தையுங் கூறல்வேண்டும். வாரியராதற்கு இறைநிலமும் சொந்த மனையும் வேதப்பயிற்சியும் வேண்டுமென விதித்தனர். நிலமின்றிக் கூடையிற் சேறு சுமந்தான் பெயர் தாங்கிய ஓலை அக்குடத்தில் இல்லை. பிற்காலத்துக் குடிமராமத்திலும் உழைப்பு குடிகள்பாலதாயிற்று. 1858-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை வலியுறுத்திற்று. 2017-இல் தமிழக அரசு அப்பெயராலேயே திட்டம் வகுத்து, ஏரிப்பணியை ஆயக்கட்டுதாரர் சங்கங்கள்பால் ஒப்புவித்தது. ஆயக்கட்டுதாரர் என்பாரும் நிலமுடையாரே.