சிகாகோவின் தென்பகுதியும் கறுப்பினத் தலைமையும்

1910இல் சிகாகோ மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு இரண்டு பேர்தான். 1970இல் அவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. தென்மாநிலங்களின் குத்தகை விவசாயத்தையும் இனஒதுக்கல் சட்டங்களையும் உதறிவிட்டு, இறைச்சிக்கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலை தேடி ரயிலேறி வந்த மக்கள் இவர்கள். ராபர்ட் அபட் 1905இல் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழ் அவர்களை வடக்கே வருமாறு தொடர்ந்து அழைத்தது.

வந்தவர்களால் நினைத்த இடத்தில் குடியேற முடியவில்லை. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே நிபந்தனை எழுதும் வழக்கம் இருந்தது. நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் கூறியது 1948இல்தான். 1919 ஜூலையில் மிச்சிகன் ஏரியில் மிதந்தபடி வெள்ளையர் குளிக்கும் பக்கம் போய்விட்ட கறுப்பினச் சிறுவன் ஒருவன் கல்லெறிக்கு ஆளாகி மூழ்கி இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டனர்.

இப்படி நகரின் தென்பகுதியில் நெருக்கியடித்து வாழ நேர்ந்தவர்களுக்கு, தென்மாநிலங்களில் மறுக்கப்பட்ட வாக்குரிமை இங்கே கிடைத்தது. ஒரே இடத்தில் குவிந்திருந்ததால் அவர்களின் வாக்குகள் சிதறவில்லை. 1928இல் குடியரசுக் கட்சியின் ஆஸ்கர் டி பிரீஸ்ட் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 20ஆம் நூற்றாண்டில் அச்சபைக்குச் சென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பின்னர் வாக்காளர்கள் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தனர். 1943 முதல் 1970 வரை உறுப்பினராக இருந்த வில்லியம் டாசன், மேயர் ரிச்சர்ட் டேலியின் கட்சி இயந்திரத்துக்குத் தென்பகுதி வாக்குகளைத் திரட்டித் தந்தார். கட்சியின் அடிமட்ட ஊழியர்கள் வீடுவீடாகப் போய்க் குறை கேட்பார்கள்; நகராட்சி வேலை வாங்கித் தருவார்கள்; தேர்தலன்று வாக்குச்சாவடிக்கு ஆள் கூட்டி வருவார்கள். சிறு சலுகைகள் கிடைத்தன. வீட்டுவசதியிலும் பள்ளிகளிலும் இருந்த ஒதுக்கல் மாறவில்லை.

இயந்திரத்தின் பிடி தளர்ந்த பிறகு ஹரால்ட் வாஷிங்டன் எழுந்தார். அவர் தந்தையும் கட்சியின் அடிமட்ட ஊழியராக இருந்தவர். 1983 மேயர் தேர்தலுக்கு முன் தென்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக வாக்காளர்களாகப் பதிந்தனர். கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் வெள்ளையர் வாக்குகள் அப்போதைய மேயர் ஜேன் பைர்னுக்கும் டேலியின் மகனுக்குமாகப் பிரிய, வாஷிங்டன் வென்றார். ஜனநாயகக் கட்சி வேட்பாளருக்குப் பொதுத்தேர்தல் வெறும் சம்பிரதாயமாக இருந்த நகரம் அது. ஆனாலும் வெள்ளைய ஜனநாயகக் கட்சியினர் பலர் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கு வாக்களித்ததால் வாஷிங்டன் நூலிழையில்தான் தப்பினார். கறுப்பினத்தவரின் வாக்குகளோடு லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், ஏரிக்கரை வார்டுகளின் முற்போக்கு வெள்ளையர் ஆகியோரின் ஆதரவும் சேர்ந்தே அவரை முதல் கறுப்பின மேயராக்கியது. மாமன்றத்தில் 29 உறுப்பினர்கள் எதிரணியாகத் திரண்டு அவரை முடக்கினர். 1986 சிறப்புத் தேர்தல்களுக்குப் பிறகே அவருக்குப் பெரும்பான்மை வசப்பட்டது. மறு ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

1985இல் சிகாகோ வந்த பராக் ஒபாமா, முடிதிருத்தும் கடைச் சுவரில்கூட வாஷிங்டனின் படம் தொங்கியதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கென்யத் தந்தைக்கும் கன்சாஸ் மாநில வெள்ளையத் தாய்க்கும் ஹோனலூலுவில் பிறந்து, ஜகார்த்தாவில் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு தாய்வழித் தாத்தா பாட்டியிடம் ஹவாயில் படித்தவர் அவர். பிறரின் கண்ணுக்குக் கறுப்பினத்தவராகவே தெரிந்தவருக்கு, அந்த அடையாளத்தைத் தாங்கும் சமூகம் வீட்டில் இல்லை. தென்கோடியிலிருந்த ஆல்ட்கெல்ட் கார்டன்ஸ் குடியிருப்பில் கல்நார் அகற்றக் கோரி மக்களைத் திரட்டிய வேலையும், தேவாலயமும், தென்பகுதியிலேயே பிறந்து வளர்ந்த மிஷெல் ராபின்சனுடனான திருமணமும் அவரை அச்சமூகத்தில் ஒருவராக்கின.

ஆனாலும் அந்த உறவு கேள்விக்கு உட்பட்டது. 2000இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்துக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டபோது, ஹார்வர்டில் படித்த வெளியாள் என்று அவரைத் தள்ளினர். ரஷ் ஏறக்குறைய இரு மடங்கு வாக்குகள் பெற்றார். அடுத்து நடந்த தொகுதி மறுவரையறையில் மாநில செனட் உறுப்பினராக இருந்த ஒபாமாவின் தொகுதி வடக்கே வசதியான வெள்ளையர் பகுதிகள் வரை நீண்டது. தென்பகுதியை அடித்தளமாகக் கொண்டு மற்ற இனத்தவரையும் சேர்த்துக்கொள்ளும் வாஷிங்டனின் வழியில், 2004இல் அவர் அமெரிக்க செனட்டுக்கும் 2008இல் அதிபர் பதவிக்கும் வென்றார்.