வாழ்வோரின் இல்லம்

தன் மனைவி சாராவை அடக்கம் செய்ய ஆபிரகாம் இடம் கேட்டபோது, இத்தியனான எப்ரோன் தன் நிலத்தை விலையின்றித் தர முன்வந்தான். ஆபிரகாமோ 400 வெள்ளிக்காசுகளை நிறுத்துக் கொடுத்த பின்னரே மக்பேலா குகையை ஏற்றார் என்கிறது தொடக்கநூல். நாடோடியாய் வாழ்ந்த நம் விசுவாசத் தந்தைக்கு வாக்களிக்கப்பட்ட நாட்டில் உரிமையான முதல் நிலம் ஒரு கல்லறையே.

அவர் வழிவந்த யூதர்கள் கல்லறைத் தோட்டத்தை 'வாழ்வோரின் இல்லம்' என்றே அழைக்கின்றனர். இறந்தவரை இயன்றவரை விரைவில் அடக்கம் செய்கின்றனர். அதற்கென உள்ள புனிதக் குழுவினர் உடலைக் கழுவி, எளிய வெள்ளாடை உடுத்துவர். செல்வருக்கும் வறியவருக்கும் ஆடை ஒன்றே. லாங் பஜாரின் இசுலாமிய அன்பர் வீட்டுத் துக்கத்தில் கபன் துணியைக் கண்ட நமக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. கல்லறையில் மலருக்குப் பதிலாகச் சிறு கல்லை வைப்பது அவர்களிடையே பரவலான வழக்கம்.

பராமரிப்பிலும் அவர்களின் நெறி கண்டிப்பானது. கல்லறை நிலத்தில் கால்நடை மேய்த்தல், நீர்வாய்க்கால் வெட்டுதல், புல் சேகரித்தல் ஆகியவற்றைத் தல்மூத்து தடுக்கிறது. அந்நிலம் இறந்தோருக்கே உரியது. தக்க காரணமின்றி உடலை இடம் மாற்றுவதும் தகாது.

இந்நெறிக்கு நம் தமிழகத்திலேயே சோதனை நேர்ந்தது. 1492-இல் இசுபெயின் அரசு யூதரை வெளியேற்றியது. 1497-இல் போர்த்துக்கல் அவர்களுக்குக் கட்டாயத் திருமுழுக்கு அளித்தது. இரண்டும் கத்தோலிக்க அரசுகள். சிதறியோரின் வழித்தோன்றல்கள் சிலர் வைரமும் பவளமும் வணிகம் செய்யச் சென்னை வந்தனர். அவர்களுள் ஒருவரான ஜாக் தெ பைவா 1687-இல் இறந்து, பெத்தநாயக்கன்பேட்டையில் அடக்கமானார். காலப்போக்கில் நகரம் அத்தோட்டத்தை நெருக்கியது. எஞ்சிய கல்லறைகள் 1979-இல் காசிமேட்டிற்கும், 1983-இல் லாயிட்ஸ் சாலைக்கும் பெயர்க்கப்பட்டன. அச்சாலைக்கு இன்று அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். வாழ்வில் அலைக்கழிந்த இனத்தாரின் கல்லறைகளுக்கும் அலைச்சல் நேர்ந்தது. யூத மக்களுக்கு எதிரான பாவங்களுக்காக 2000-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இறைவனிடம் மன்னிப்பு வேண்டியதை இங்கே நினைவுகூர்வோம்.

நம் கல்லறைத் தோட்டங்களின் நிலை என்ன? இடம் போதாமையால் பழைய குழியிலேயே மீண்டும் அடக்கம் செய்கிறோம். இது தன்னளவில் குற்றமன்று. இயேசுவின் காலத்து எருசலேமிலும் உடல் மக்கிய பின் எலும்புகளைத் திரட்டிக் கற்பேழையில் வைத்தனர். ஆனால் அவர்கள் எலும்பையும் மதித்தனர். நாமோ நவம்பர் 2-இல் சுண்ணாம்பு பூசி, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மற்ற நாள்களில் ஆடுகளுக்கும் முட்செடிகளுக்கும் அவ்விடத்தை விட்டுவிடுகிறோம். கல்லறைகளின் புனிதத்தன்மையைக் காக்க விதிமுறைகள் வகுக்கப்பட வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தொகுப்பு (எண் 1243) பணிக்கிறது.

ஆகவே குழி திறக்குமுன் பதிவேட்டில் பழைய பெயரைத் தேடுவோம். கிடைக்கும் எலும்புகளைச் செபத்தோடு ஓரிடத்தில் சேர்ப்போம். உறவினர் எவருமற்ற கல்லறையைப் பங்கின் கல்லறையாகவே பேணுவோம். தன் உயிருக்கு ஆபத்து நேர்ந்தும் அடக்கம் செய்வாரற்ற உடல்களைப் புதைத்தார் தோபித்து. இறந்தோர் நமக்குக் கைம்மாறு செய்ய இயலாதவர்கள். உயிர்ப்பில் நமக்குள்ள நம்பிக்கை அவர்களிடம் நாம் காட்டும் மரியாதையில்தான் வெளிப்படும்.