மின் ஸ்கூட்டர்: மின்னேற்றி அழுத்தமும் பேட்டரிக் கொள்ளளவும் (நெகிரி செம்பிலான் தோட்டங்கள்)

மின் ஸ்கூட்டர் என்று இங்கே சொல்லப்படுவது, ஒருவர் ஏறிச் செல்லத்தக்க, பேட்டரியால் ஓடும் சிறு ஈருருளி வண்டி. நின்றுகொண்டு ஓட்டும் வகை நகரங்களுக்கு உரியது. நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு ஏற்றது இருக்கை வைத்த வகை: முன்னால் கம்பிக் கூடை, காலடியில் அல்லது இருக்கைக்குக் கீழே பேட்டரிப் பெட்டி, பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டார். பேச்சு வழக்கில் 'பேட்டரி சைக்கிள்', மலாயில் 'பசிக்கால் எலெக்ட்ரிக்'. இவ்வண்டியின் ஆயுளும், அது நிற்கும் வீட்டின் பாதுகாப்பும் இரண்டு எண்களில் அடங்கியிருக்கின்றன. ஒன்று, மின்னேற்றி (சார்ஜர்) கடைசியாக எட்டும் வோல்ட். மற்றொன்று, பேட்டரியின் ஆம்பியர்-மணி. இவற்றோடு பேட்டரி எந்த வேதிப்பொருளால் ஆனது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முன்வரலாறு

திரும்பத் திரும்ப மின்னேற்றிப் பயன்படுத்தத்தக்க முதல் பேட்டரியை 1859இல் பிரான்சு நாட்டு கஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். இரண்டு ஈயத் தகடுகள், நடுவே துணி, சுற்றிலும் நீர்த்த கந்தக அமிலம். 1881இல் காமில் ஃபோர் தகட்டின்மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசும் முறையைக் கண்டார். கொள்ளளவு பன்மடங்கு பெருகியது. இன்று தோட்டத்து வண்டியில் இருப்பதும் அடிப்படையில் இதே ஈய-அமிலப் பேட்டரிதான். 1895 டிசம்பர் 31இல் அமெரிக்காவின் ஓக்டன் போல்டன் ஒரு மின் சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். 10 வோல்ட் பேட்டரி, பின்சக்கரக் குடத்தில் மோட்டார் என்ற அவருடைய அமைப்பில் மோட்டாரின் இடம் இன்றுவரை மாறவில்லை.

மலாயாவில் மின்சாரம் முதலில் வந்தது சிலாங்கூரின் ரவாங்கில். 1894இல் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும் தங்கள் வெள்ளீயச் சுரங்கத்தில் மின்னாக்கியை நிறுவினார்கள். பத்துமலைக் கோயிலை எழுப்பிய அதே தம்புசாமி பிள்ளைதான். இந்நாட்டு மின்சாரத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருப்பதை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்க வேண்டும்.

தோட்டங்களுக்கும் பேட்டரிக்கும் உள்ள உறவு வண்டியோடு தொடங்கியதன்று. மலாக்காவில் 1896இல் டான் சாய் யான் வணிக முறையில் ரப்பரை நட்ட பிறகு, பக்கத்து நெகிரி செம்பிலானிலும் காப்பித் தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் துறைமுகத்துக்கு 1891இலேயே இரயில் பாதை இருந்தது. அவ்வழியே கப்பலேறிய சரக்குகளில் ரப்பரும் சேர்ந்தது. ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் கறுத்து இறுகிய எபோனைட் கிடைக்கும். அமிலம் அதை அரிக்காது, மின்சாரம் அதில் பாயாது. அதனால் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம், 1960களில் பாலிபுரொப்பிலீன் நெகிழிப் பெட்டி வரும்வரை, கார் பேட்டரியின் பெட்டி எபோனைட்டால் ஆனது. விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து பால் கொட்டாயில் ஊற்றியவர்களின் உழைப்பு உலகெங்கும் ஈயத் தகடுகளைத் தாங்கும் பெட்டியாக இருந்தது. பேட்டரி வரலாறு எழுதுவோர் இதைச் சொல்வதில்லை; சொல்லியாக வேண்டும்.

தோட்ட வீடுகளுக்குள் மின்சாரம் தாமதமாகவே வந்தது. துரை பங்களாவுக்கும் ஆலைக்கும் முதலில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கடைசியில். தோட்டத்துக்கென்று ஓர் இஞ்சின் கொட்டாய் இருக்கும். இருட்டியதும் டீசல் இஞ்சின் ஓடும், இரவு ஏறியதும் நிற்கும். 1963 டிசம்பரில் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியபின், பகல் மின்சாரம் இல்லாத லயத்து வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் கார் பேட்டரியில் ஓட்டினார்கள். பேட்டரி தீர்ந்தால் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வருவார்கள். வோல்ட், ஆம்பியர், அமிலம், காய்ச்சி வடித்த நீர் ஆகிய சொற்கள் தோட்டத்துக்குப் பழக்கமானது அப்படித்தான். 1949இல் மத்திய மின்சார வாரியம், 1965இல் லெம்பாகா லெத்ரிக் நெகாரா, 1990இல் தெனாகா நேஷனல் என்று நாட்டு மின்வாரியம் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 1990இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டமும் (சட்டம் 446) இயற்றப்பட்டது. தொழிலாளர் வீட்டுக்கு நீரும் மின்சாரமும் தருவதை அது முதலாளியின் கடமையாக்கியது. மலேசிய வீட்டு மின்சாரம் 240 வோல்ட்டாக இருந்து, 2008 முதல் பெயரளவில் 230 வோல்ட் ஆனது. அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 216 முதல் 253 வோல்ட் வரை.

வகைப்பாடு

ஈய-அமிலக் கலம் ஒன்று 2 வோல்ட். ஆறு கலம் சேர்ந்தது 12 வோல்ட் பேட்டரி. இவற்றைத் தொடராக இணைத்தால் வண்டியின் பெயரளவு அழுத்தம் கிடைக்கும். மூன்று பேட்டரி 36 வோல்ட், நான்கு 48, ஐந்து 60, ஆறு 72. இவற்றில் 48 வோல்ட் வகை மிகப் பரவலானதற்குச் சீனாவின் விதியும் ஒரு காரணம். 2019 ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்கு வந்த சீனத் தரம், மின் சைக்கிளுக்கு 48 வோல்ட், 400 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர், 55 கிலோ எடை என்று மேல்வரம்பு வைத்தது. மலேசியச் சந்தைக்கு வரும் வண்டிகளில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது.

பேட்டரியின் முகத்தில் '6-டிஇசட்எம்-12' என்பது போன்ற குறியீடு இருக்கும். 6 என்பது கலங்களின் எண்ணிக்கை. நடுவில் உள்ள மூன்று எழுத்துகளும் மின்சாரம், துணைவிசை வண்டி, மூடிய வகை என்பவற்றின் சீனச் சொற்களுக்கு முதலெழுத்துகள். 12 என்பது ஆம்பியர்-மணி. இந்த 12, இரண்டு மணி நேரத்தில் தீர்த்தால் கிடைக்கும் அளவு. கணினிக் காப்பு மின்கருவியில் (யூபிஎஸ்) வரும் 12 வோல்ட் 12 ஆம்பியர்-மணிப் பேட்டரியும் பார்க்க இதே அளவில்தான் இருக்கும். ஆனால் அதன் கணக்கு இருபது மணி நேரத்துக்கு உரியது. வேகமாகத் தீர்க்கத் தீர்க்க ஈய-அமிலப் பேட்டரி குறைவாகவே தரும் என்பதை 1897இல் பொய்க்கெர்ட் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே விலை மலிவென்று காப்பு மின்கருவிப் பேட்டரியை வண்டியில் மாட்டினால், எழுதியிருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கும்.

லித்தியம்-அயனி வகை 1991இல் சோனி நிறுவனத்தால் சந்தைக்கு வந்தது. இதன் ஒரு கலம் பெயரளவில் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2. பத்துக் கலத் தொடர் 36 வோல்ட், பதின்மூன்று 48, இருபது 72. லித்தியம் இரும்புப் பாஸ்பேட் என்ற உள்வகைக்குக் கலம் 3.2 வோல்ட், முழு ஏற்றத்தில் 3.65.

மின்னேற்றியின் அழுத்தம்

'48 வோல்ட் மின்னேற்றி' என்று கடையில் கேட்பதும் கொடுப்பதும்தான் தவறின் தொடக்கம். எந்த 48 வோல்ட் மின்னேற்றியும் 48 வோல்ட்டில் நிற்பதில்லை. நான்கு ஈய-அமிலப் பேட்டரிக்கு உரியது 58 முதல் 59 வோல்ட் வரை ஏறும். மின்னோட்டம் குறைந்ததும் சுமார் 55க்கு இறங்கி நிற்கும், சிவப்பு விளக்கு பச்சையாகும். பதின்மூன்று கல லித்தியத்துக்கு உரியது 54.6 வோல்ட்டில் நிற்க வேண்டும். அட்டைப் பெட்டியில் இரண்டுக்கும் '48' என்றே எழுதியிருக்கும். ஈய மின்னேற்றியை லித்தியம் பேட்டரிப் பொதியில் செருகினால் ஒவ்வொரு கலத்தின் மேலும் 4.5 வோல்ட் அளவுக்குத் தள்ளப்படும். நடுவில் தடுப்பது பொதிக்குள் இருக்கும் காப்பு மின்சுற்றுப் பலகை மட்டுமே. அது பழுதாகியிருந்தால் கலம் தீப்பிடிக்கும். மாறாக லித்தியம் மின்னேற்றியை ஈயத்தில் செருகினால் தீ வராது. ஆனால் பேட்டரி என்றும் நிறையாது, தகட்டில் ஈய சல்பேட் இறுகி ஒரு சில மாதங்களில் செத்துவிடும். சரியான எண் மின்னேற்றியின் பின்புறச் சீட்டில், 'அவுட்புட்' என்ற வரியில் இருக்கிறது. பார்க்க வேண்டியது அந்த வரி. 36 வோல்ட் ஈயத்துக்கு ஏறத்தாழ 44, லித்தியத்துக்கு 42. 60 வோல்ட் ஈயத்துக்கு 73 முதல் 74. 72 வோல்ட் ஈயத்துக்கு 88, லித்தியத்துக்கு 84.

இன்னொரு ஆபத்து செருகியில் இருக்கிறது. ஈய-அமில வண்டிகள் பலவற்றில் மின்னேற்றும் துளை, கணினியின் மின்கம்பி செருகும் மூன்று முனைத் துளையைப் போலவே இருக்கும். வீட்டில் கிடக்கும் கணினிக் கம்பியை யாராவது அறியாமல் சுவரிலிருந்து நேராக வண்டியில் செருகினால், பேட்டரிக்குள் 230 வோல்ட் பாயும். எந்த முனை நேர், எந்த முனை எதிர் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தத் துளைக்கு மூடி போட்டு வைப்பது கட்டாயம்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். மேற்கண்ட ஈய-அமில அளவுகள் 25 பாகை செல்சியசுக்கு உரியவை. வெப்பம் ஒரு பாகை ஏறினால் கலத்துக்கு 3 முதல் 4 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும். தகரக் கூரையின் கீழ் 33 பாகை என்று வைத்தால், 24 கலத்துக்கு அரை வோல்ட்டுக்கு மேல் குறையவேண்டும். மலிவான மின்னேற்றியில் இந்தத் திருத்தம் கிடையாது. வயதான பேட்டரி சூட்டில் மின்னோட்டத்தைக் குறைக்காமல் இழுத்துக்கொண்டே இருக்கும், பச்சை விளக்கு வராது, பெட்டி வீங்கும். எட்டு மணி நேரம் தாண்டியும் சிவப்பாகவே இருந்தால் பிடுங்கிவிட வேண்டும். வெயிலில் ஓட்டி வந்த வண்டியை அரை மணி நேரமாவது நிழலில் ஆறவிட்டுப் பிறகு ஏற்ற வேண்டும். மின்னேற்றியைப் பலகைத் தரையிலோ மெத்தைமேலோ வைக்காமல் சிமெண்டுத் தரையில் வைக்க வேண்டும். இடி மழை வந்தால் பிடுங்கிவிட வேண்டும். 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றப் போட்டிருந்த வண்டி தீப்பற்றித் தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். வாசல் ஒன்றே உள்ள பலகை வீட்டில், அந்த வாசலை அடைத்து வண்டியை நிறுத்தி ஏற்றுவதை நிறுத்தியே ஆக வேண்டும்.

கொள்ளளவு

வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி. 48 வோல்ட் 12 ஆம்பியர்-மணி என்றால் 576 வாட்-மணி. 20 ஆம்பியர்-மணி என்றால் 960. இருக்கை வைத்த சிறு வண்டி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 20 வாட்-மணி எடுக்கும். எனவே சமதளத் தார்ச்சாலையில் 12 ஆம்பியர்-மணி வண்டி 25 கிலோமீட்டர் அளவில் ஓடும். செம்பனைக் காட்டின் செம்மண் பாதையில், மேட்டில், கூடையில் அரிசி மூட்டையோடு அந்தக் கணக்கு நிற்காது. 1.8 ஆம்பியர் மின்னேற்றி 12 ஆம்பியர்-மணிப் பேட்டரியை நிரப்ப ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். இழப்பையும் சேர்த்து முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல் செலவு. நெடுங்காலம் இருந்த 21.8 சென் வீட்டுக் கட்டணத்தில் அது 17 சென்.

பேட்டரி முழுதும் தீர்ந்தபின்தான் ஏற்ற வேண்டும் என்பது நிக்கல்-கேட்மியம் காலத்துப் பழக்கம். ஈய-அமிலத்துக்கு அது கேடு. பாதி தீர்ந்ததும், வீடு திரும்பிய அன்றே ஏற்ற வேண்டும். 48 வோல்ட் வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி 42 வோல்ட் அளவில் மோட்டாரை நிறுத்திவிடும். சற்று நேரம் நின்றால் அழுத்தம் மீண்டும் ஏறும், வண்டி கொஞ்சம் ஓடும். அந்தக் கொஞ்ச தூரம்தான் பேட்டரியைக் கொல்கிறது. நான்கில் ஒன்று பழுதானால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக்குவதும் வீண். பழைய மூன்றும் முதலில் தீரும், புதியதும் அவற்றோடு கெடும். நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ஈய-அமிலப் பேட்டரி ஒன்று சுமார் 4 கிலோ, நான்கு சேர்ந்தால் 16க்கு மேல். அதே கொள்ளளவு லித்தியம் அதில் கால் பங்கு எடைதான். இருந்தும் தோட்ட வீட்டுக்கு ஈய-அமிலமே பொருத்தம். தவறைப் பொறுக்கும், சிறு பட்டணத்துக் கடையிலும் மாற்று கிடைக்கும், பழையதற்கு எடைக்கு விலை கிடைக்கும்.

இன்றைய நிலை

ரப்பர் போய்ச் செம்பனை நிறைந்துவிட்டது; லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், கெடிஸ் என்ற தோட்டப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் பலர் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிவிட்டார்கள். 2021 டிசம்பரில் அரசிதழில் வந்த விதி, சிலவகைச் சிறு மின்வண்டிகளைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்குத் தடை விதித்தது. பயன்பட்டு முடிந்த ஈய-அமிலப் பேட்டரி 2005ஆம் ஆண்டின் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 102 என்ற எண்ணிலும், லித்தியம் எஸ்டபிள்யூ 103 என்ற எண்ணிலும் அபாயக் கழிவாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. இரண்டையும் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது.